அரை ஜோடி கிறிஸ்டல்

அத்தியாயம் 9

கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டபோது கொளஞ்சி மோட்டாரின் மேல் குனிந்து, எதையோ பரிசோதிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். நிமிர்வதற்குள் வெளியே கொண்டி விழுந்தது. அதன் மேல் பூட்டு விழுந்தது.

"யோவ் உத்திராபதி! உள்ள ஆளு இருக்கோம்யா!"

"தெரியும். அதுக்குத்தானே பூட்டறேன்," என்றது வாட்ச்மேனின் குரல். "இன்னா சார், கரண்டு ஆபீஸ்லேர்ந்து வரவங்க கரண்டு இல்லாத நேரம் பாத்தா மீட்டர் பாக்க வருவீங்க? ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் இங்க கட்டுன்னு சாமியார்பேட்டைல நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். சிவராம் சாருக்கு போன் போட்டுட்டேன். சிதம்பரத்துலேர்ந்து கெளம்பறாரு. மூணேகாலுக்கு வந்துருவாரு. அவருகிட்ட மீட்டர காட்டுங்க."

செருப்புச் சத்தம் மணலில் தேய்ந்து போயிற்று.

கொளஞ்சி தன் முதலாளியைப் பார்த்தான். ஜெயராணி புடவை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மோட்டார் ரூமை நிதானமாக அளந்துகொண்டிருந்தாள். எட்டடிக்கு ஆறடி. இரும்புத் தகடு அடித்த கதவு. ஜன்னல் கிடையாது. சுவரின் அடியில், தண்ணீர்க் குழாய் வெளியேறும் இடத்தில் மட்டும் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன் மேல் ஜூலை மாதத்து வெயில்.

பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைத் தோண்டி எடுத்தவள் ஜெயராணி. அந்த வேலையை விட்டுக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டு ஐந்து வருடமாகிறது. கொளஞ்சி அவளுக்கு டிரைவர், உதவியாளர், இரண்டுக்கும் நடுவில் வாயாடி. அவன் ஓயாமல் ஜோக் அடிப்பது சந்தோஷத்தினால் அல்ல என்பது அவளுக்கு மட்டும் தெரியும். யாரோ செய்த விபத்துக்காக ஒருமுறை இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தவன் அவன். மூடிய அறை என்றால் அவனுக்கு உள்ளங்கை வேர்க்கும். உள்ளங்கை வேர்த்தால் வாய் ஓட ஆரம்பித்துவிடும்.

"மேடம், போன்?"

"ஆட்டோ பெட்டியில."

"ஆட்டோ?"

"சவுக்குத் தோப்புக்குள்ள. நீதானே நிறுத்தின."

"மீட்டர் பாக்கற ஆளு ரெண்டு போன் வெச்சிருந்தா சந்தேகம் வரும்னு சொன்னது நீங்க. இப்ப பாருங்க, போன் இல்லாமலே சந்தேகம் வந்துருச்சு." கொளஞ்சி கதவைத் தோளால் இடித்துப் பார்த்தான். கதவு அசையவில்லை, தோள்தான் வலித்தது. "சிவராம் வந்தா இன்னா பண்ணுவாரு?"

"சார்லசுக்குப் பண்ணினதைப் பண்ணலாம்."

கொளஞ்சி தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

சார்லஸ் விவகாரம் அன்று காலையில்தான் அவர்களுக்குத் தெரிய வந்தது. சிதம்பரம் மேல வீதியில் ராமாமிர்தம் என்று ஒரு கடைக்காரர். ரிமோட்டில் ஓடும் ரேஸ் டிரக்குகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருடையது ஒன்றுதான். ஒரு முழ நீளத்துக்குப் பொம்மை போல இருக்கும் வண்டிகள். ஆனால் டயரிலிருந்து கியர் வரைக்கும் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து மாட்டுவதில்தான் ரேஸே இருக்கிறது. காலேஜ் படிக்கும் பிள்ளைகள் மணிக்கணக்கில் நின்று அங்கே சண்டை போட்டுக்கொண்டு வாங்குவார்கள். அப்படி நான்கு வருடமாக வந்துகொண்டிருந்த பெண் வித்யாலட்சுமி. வயது இருபத்துமூன்று. தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா சிவராம் வீட்டில் வளர்ந்தவள்.

"ரேஸ்ல அந்தப் பொண்ண ஜெயிச்சவன் சார்லஸ் ஒருத்தன்தாங்க," என்று ராமாமிர்தம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார். "ரெண்டு பேரும் கட்டிக்கறதுன்னு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்தாங்க. முப்பது நாள் அந்த நோட்டீஸ ஒட்டி வெப்பாங்க இல்லியா? யாரோ பாத்துட்டுப் போயி சிவராம்கிட்ட சொல்லிட்டான். பன்னெண்டு நாளா பொண்ணைக் காணல. பெங்களூர்ல வேலை கெடச்சுப் போயிருக்குன்னு சொல்றாரு. சார்லஸை யாரோ நாலு பேரு கடலூர்ல வழிமறிச்சு, வலது கையை ரெண்டு எடத்துல ஒடச்சுட்டாங்க. இதுக்கு நடுவுல வர்ற வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல கல்யாணமாம். நோட்டீஸ் கணக்கு வியாழக்கிழமை முடியுது, அதாவது நாளைக்கு."

பிறகு அவர் ஒரு தாளை எடுத்து வைத்தார். சிவராமின் டிரைவர் சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்த சாமான் லிஸ்ட். பொடிப்பொடியான அழகிய கையெழுத்து. சிவராமின் மனைவி லலிதாம்பாளின் எழுத்து அது என்றும், வித்யா சொல்லச் சொல்ல அந்த அம்மாள் எழுதியிருக்க வேண்டும் என்றும் ராமாமிர்தம் சொன்னார்.

"இதுல ஒரு சாமான்கூட அந்தப் பொண்ணு வாங்கற சாமான் இல்லீங்க. அதான் உங்களக் கூப்பிட்டேன்."

பின் சக்கரத்துக்குத் துடுப்பு டயர் கேட்டிருந்தது. சுற்றிலும் துடுப்பைப் போல நீளமான பட்டைகள் நிற்கும் டயர். உதிரி மணலில் மட்டும்தான் உபயோகம். வித்யா வண்டி ஓட்டுவது காலேஜ் மைதானத்துக் கட்டாந்தரையில். பேரிங்குக்கு வழக்கமான இரும்பு மூடி வேண்டாம், ரப்பர் மூடி வேண்டும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். கியருக்கு இருபது பல் சக்கரம் போட்டு வண்டியைப் பறக்கவிடும் பெண், இப்போது பதின்மூன்று பல் கேட்டிருந்தாள். வேகம் செத்துப் போகும், இழுவை கூடும். சக்கரத்தின் நடுத்துளையோ பதினான்கு எம்.எம். அவளுடைய ஆக்சிலில் பொருந்துவது பன்னிரண்டு மட்டும்தான். நேற்று டிரைவர் அந்தச் சக்கரங்களைத் திருப்பிக்கொண்டு வந்து மாற்றி வாங்கிப் போயிருக்கிறான்.

ஜெயராணிக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. "மணல். உப்புக் காத்து. சிவராமுக்குக் கடலோரமா வீடு ஏதாவது இருக்கா?"

சாமியார்பேட்டையில் ஒன்று இருந்தது. கிளம்பும் முன் ராமாமிர்தத்திடம் எதையோ கேட்டு வாங்கிக் கொளஞ்சியின் டூல்ஸ் பைக்குள் வைத்தாள். லிஸ்டில் இருந்த பதினான்கைப் பற்றி ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னாள்.

"அதுதான் இந்த லிஸ்ட்லயே புத்திசாலித்தனமான வரி, கொளஞ்சி. சக்கரம் பொருந்தாது. பொருந்தலைன்னா கடைக்குத் திரும்பி வரும். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கடைக்காரர் இந்த லிஸ்ட்டைப் பார்ப்பார். தப்பை வேணும்னே பண்ணியிருக்கா."

இப்போது, மோட்டார் ரூமின் புழுக்கத்தில், அந்தப் புத்திசாலித்தனமெல்லாம் கொளஞ்சிக்கு உதவவில்லை. மணி இரண்டு இருபத்தைந்து. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு பாதியிலேயே நிற்பதுபோல இருந்தது. குழாய் ஓட்டையருகே குப்புறப் படுத்து, வெளிக்காற்றுக்காக மூக்கை வைத்தான். அப்படியே கண்ணையும் வைத்தான்.

"என்ன தெரியுது?" என்றாள் ஜெயராணி.

"மணல். நாப்பது அடி தள்ளி வீட்டோட பின்பக்கம். ஒரு மரக்கதவு. வெளிய பெரிய பூட்டு தொங்குது. கதவோட அடிப்பலகைய உப்பு தின்னுருக்கு, ஒரு சாண் உயரத்துக்கு ஓட்டை. நாய் ஒண்ணு நெழல்ல படுத்துருக்கு." அவன் தலையைத் தூக்கினான். "மேடம், அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் பொண்ணு இருக்கும். அதுவும் அடைஞ்சு கெடக்கு, நாமளும் அடைஞ்சு கெடக்கோம். காப்பாத்த வந்த எடத்துல பக்கத்து ரூமு எடுத்துத் தங்கின மாதிரி ஆயிருச்சு."

"பையைத் திற."

டூல்ஸ் பையின் அடியில், ஸ்பானர்களுக்கு நடுவில், துப்பாக்கி வடிவத்தில் ஒரு ரிமோட் கிடந்தது. பக்கவாட்டில் வட்டத் திருப்பி, கீழே சுட்டுவிரலுக்கு ஒரு விசை. அதன் முதுகில் பச்சைத் துணி ஒன்று சிறு கொடியாகக் கட்டியிருந்தது.

"லிஸ்ட்ல கடைசி வரி என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் ஜெயராணி.

"பச்சைக் கிறிஸ்டல். வண்டிக்கு மட்டும்."

"கிறிஸ்டல் ஜோடியாத்தான் விப்பாங்க. ஒண்ணு ரிமோட்டுக்கு, ஒண்ணு வண்டிக்கு. ரெண்டும் ஒரே கலர்ல இருந்தாத்தான் ரிமோட் சொல்றதை வண்டி கேக்கும். ரேஸ்ல ஆளுக்கு ஒரு கலர். வித்யாவுக்கு மஞ்சள். அவ ஏன் பச்சையில பாதி ஜோடி மட்டும் கேக்கணும்?"

கொளஞ்சி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது யாருது?"

"சார்லசோடது. ரிப்பேருக்குக் கடையில கெடந்தது. அவன் கலர் பச்சை."

அவனுக்குப் புரிந்தது. "அப்போ வண்டி உள்ள. ஓட்டறவன் வெளிய."

"சார்லஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு ஓட்டுவான்னு நினைச்சிருப்பா. அவன் கை உடைஞ்சது அவளுக்குத் தெரியாது. சுமைக்காகத்தான் இழுவை கியர். மெதுவாப் போகும், சத்தம் வராது, எதையோ சுமந்துக்கிட்டு வரும்."

"நாம வந்துருக்கோம்னு உள்ள எப்படித் தெரியும்?"

"கேட்ல நின்னு வாட்ச்மேன்கிட்ட மூணு தடவை கத்தினேனே, என்ன கத்தினேன்?"

'பச்சை லைட் எரியுதா? பச்சை லைட்டுங்க, பச்சை!' கரண்ட் இல்லாத வீட்டில் அவள் பச்சை விளக்கைக் கேட்டுக் கத்தியபோது மேடத்துக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் கொளஞ்சி நினைத்திருந்தான். மாட்டிக்கொண்டதுகூட அதனால்தான் என்று இப்போது தோன்றியது. 

மறுபடியும் குப்புறப் படுத்தான். ஏரியலை இழுத்து ஓட்டை வழியாக வெளியே நீட்டினான். ரிமோட்டின் சுவிட்சைப் போட்டு, விசையை மெல்ல அழுத்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினான். நாய் மட்டும் காதைத் தூக்கியது.

"மேடம், பேட்டரி..."

"இரு."

கதவின் அடியில் இருட்டு அசைந்தது. முதலில் இரண்டு ஒல்லியான முன் சக்கரங்கள். பிறகு மேல்மூடி கழற்றப்பட்ட வண்டியின் எலும்புக்கூடு. பின்னால் துடுப்பு டயர்கள் மணலை வாரி வாரி எறிந்துகொண்டு, முனகும் சத்தத்தோடு டிரக் வெயிலுக்கு வந்தது. அதன் முதுகில் புடவைக் கிழிசலால் எதையோ கட்டியிருந்தது. பித்தளைச் சாவிக்கொத்து.

"சாவி மேடம்! சாவி உள்ளதான் இருக்கு, பூட்டு வெளிய இருக்கு. அதான் அதுங்களால ஒண்ணும் பண்ண முடியல!"

எட்டு வருடம் பண்ருட்டி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவனுக்கு நாற்பது அடி மணல் ஒரு தூரமா? ஆனால் வண்டி அவனை நோக்கி வரும்போது இடது வலமாகவும் வலது இடமாகவும் மாறிப்போனது. இரண்டு தடவை தப்பாகத் திருப்பினான். பாதி வழியில் நாய் எழுந்து வந்தது. கொளஞ்சி விசையை விட்டான். வண்டி அப்படியே நின்றது. நாய் அதைச் சுற்றி வந்து மோந்து பார்த்தது. பிறகு ஏதோ முடிவுக்கு வந்ததுபோல் பின்னங்காலைத் தூக்கியது.

கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டான். "ரப்பர் மூடி பேரிங் ஏன் கேட்டுச்சுன்னு இப்பத்தான் புரியுது மேடம்."

நாய் மறுபடி நிழலுக்குப் போனதும் வண்டியை ஓட்டைக்குக் கொண்டுவந்து, தோள் வரைக்கும் கையை வெளியே விட்டு, சாவிக்கொத்தைப் பிடுங்கினான். உள்ளே இழுத்துப் பார்த்தால் பன்னிரண்டு சாவிகள். ஒன்றில் 'மோட்டார்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"நம்ம ரூமுச் சாவி," என்றான் கொளஞ்சி. "கையில இருக்கு. பூட்டு மட்டும் வெளிய இருக்கு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கதவை மீண்டும் இடித்தான். அடுத்தடுத்து நான்கு முறை இடித்தான். லாக்கப்பில் இப்படித்தான் முதல் நாள் இடித்தான். இரண்டாவது நாள் இடிக்கவில்லை. "மேடம், எனக்கு மூச்சு வரல."

ஜெயராணி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "கொளஞ்சி, என்னைப் பார். இந்த ரூம்ல என்ன இருக்கு?"

"மோட்டாரு."

"வர்றப்போ முன்பக்கம் என்ன பார்த்தே?"

"கருவாடு. சிமென்ட் தரை பூரா அந்த ஆளு மீன் காய வெச்சிருந்தான். அதுக்கு நேர் மேலதான் தண்ணி டேங்க்..." அவன் நிறுத்தினான். கட்டு வருவதற்கு முன் எல்லாரும் டேங்க்கை ரொப்பி வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் டேங்க் இப்போது நிரம்பியிருக்கிறது. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் போக வேறு இடம் இல்லை. "மேடம்!"

"கரண்ட் வரணும்."

மணி இரண்டு ஐம்பது. இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்டார்ட்டரின் செத்துப்போன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆயிற்று. விளக்கு எரியவில்லை. மூன்று ஐந்து. தூரத்தில் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டபோது கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டான். மீன் வண்டி, கடந்து போயிற்று. மூன்று எட்டுக்கு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஜெயராணி எழுந்து பட்டனை அழுத்தினாள். மோட்டார் உறுமியது.

ஒன்றரை நிமிடத்தில் வெளியே அலறல் கேட்டது.

"யோவ்! மோட்டார நிறுத்துய்யா! மூணு நாளு காஞ்ச சரக்குய்யா!"

"ஸ்டார்ட்டர் மாட்டிக்கிச்சு," என்று ஜெயராணி கத்தினாள். "தொட்டா ஷாக் அடிக்குது. நீங்களே வந்து பாருங்க!"

உத்திராபதி பூட்டைத் திறந்துகொண்டு தடியோடு உள்ளே பாய்ந்தான். "ஓரமா நில்லுங்க ரெண்டு பேரும்!" என்று தடியை நீட்டிக்கொண்டே ஸ்டார்ட்டரிடம் போனான். ஷாக் என்ற சொல் அவன் காதில் இருந்ததால், தடி நுனியால் பட்டனைத் தொட அவனுக்கு இரண்டு விநாடி கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்த இரண்டு விநாடியில் இருவரும் வெளியே இருந்தார்கள். கொளஞ்சி கதவை இழுத்துக் கொண்டியை மாட்டினான். பூட்டவில்லை. கொண்டியே போதும். உள்ளே அடைந்து கிடப்பவனின் மேல் பூட்டு வேறு போட அவனுக்கு மனம் வரவில்லை.

பின்கதவின் பூட்டுக்கு மூன்றாவது சாவி பொருந்தியது.

உள்ளே இரண்டு பெண்கள் இருந்தார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் வெளிச்சம் பட்டதும் திரும்பினாள். கன்னம் ஒட்டி, கண்கள் உள்ளே போயிருந்தன. அதுதான் வித்யாலட்சுமி. கதவருகே தரையில், புடவையெல்லாம் மணலாக, முழங்காலிட்டு இருந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் கையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

"சார்லஸ் வரலையா?" என்றாள் தரையில் இருந்தவள்.

"கையில அடி. உயிருக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் ஜெயராணி. "நீங்க லலிதாம்பாள். சிவராம் உங்களையும் சேர்த்தா பூட்டினார்?"

"பொண்ணைப் பார்த்துக்கன்னு சொல்லி உள்ள விட்டுப் பூட்டினார். டூப்ளிகேட் சாவி என் பெட்டியில இருக்கறது அவருக்கு ஞாபகமே இல்ல."

கொளஞ்சி வித்யாவிடம் குனிந்தான். "எழுந்திருங்க தங்கச்சி. இன்னா ஒரு லிஸ்ட்டு போட்டீங்க! துடுப்பு டயரு, பச்சைக் கிறிஸ்டலு..."

வித்யா அவனைப் புரியாமல் பார்த்தாள். "எந்த லிஸ்ட்?"

 ஜெயராணி மெதுவாகத் திரும்பி லலிதாம்பாளைப் பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள்.

"அவ முதல் நாளே மனசு உடைஞ்சு போயிட்டா," என்றாள் லலிதாம்பாள். "சாப்பிடல, பேசல. நான்தான் எழுதினேன். பொம்மை வண்டியாவது கையில இருந்தா மனசு மாறும்னு அவர்கிட்ட சொன்னேன். பொம்மைதானேன்னு வண்டியைக் குடுத்தார், லிஸ்ட்டை டிரைவர்கிட்ட குடுத்து அனுப்பினார். ரிமோட்டை மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டார்."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நாலு வருஷமா என் சமையல்கட்டு மேடையில வெச்சுத்தானே கழட்டி மாட்டறா? எந்த டயர் எதுக்குன்னு சார்லஸோட போன்ல சண்டை போடுவா. நான் கறிகாய் நறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன்."

ஜெயராணியின் குரலில் மரியாதை ஏறியது. "அந்தப் பதினாலு எம்.எம். சக்கரம். பொருந்தாதுன்னு தெரிஞ்சே எழுதினீங்க, இல்லையா? திரும்பிக் கடைக்குப் போகட்டும்னு."

லலிதாம்பாள் முகம் சிவந்தாள். "இல்லீங்க. அது எனக்குத் தெரியாமப் பண்ணின தப்பு. எல்லாம் கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன்."

கொளஞ்சி தன் முதலாளியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

ஆட்டோ சவுக்குத் தோப்பைவிட்டு வெளியே வரும்போது மணி மூன்று இருபது. பின்சீட்டில் மூன்று பெண்கள். வித்யா சித்தியின் தோளில் சாய்ந்து, சார்லஸின் கைக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயராணி போனை எடுத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் பேச ஆரம்பித்தாள். மெயின் ரோட்டுக்குப் போக ஒரே வழிதான். இருபக்கமும் சேற்றுத் தண்ணீர் நிற்கும் கரையின் மேல், ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில் மண்பாதை.

பாதி தூரத்தில் கொளஞ்சி பிரேக்கை மிதித்தான். எதிரே வெள்ளைக் கார்.

இரண்டு வண்டிகளும் பத்தடி இடைவெளியில் நின்றன. காரின் பின்கதவு திறந்து, சலவை வேட்டியில் சிவராம் இறங்கினார். அவர் சத்தம் போடவில்லை. டிரைவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். டிரைவர் கையில் இரும்புக் கம்பியோடு இறங்கினான்.

ஆட்டோவுக்குப் பின்னால் மோட்டார் ரூமின் கொண்டி தெறிக்கும் சத்தமும் நாயின் குரைப்பும் கேட்டன. கொளஞ்சிக்கு மறுபடி அதே எட்டடி அறைக்குள் இருப்பது போலிருந்தது. "மேடம், ரிவர்ஸ் எடுத்தா உத்திராபதி. முன்னால போனா..."

ஆட்டோ ஆடியது. லலிதாம்பாள் இறங்கிவிட்டிருந்தாள்.

மீன் விற்றுவிட்டு வெறும் கூடைகளோடு ஏழு பெண்கள் காருக்குப் பின்னால் வழிக்காக நின்றிருந்தார்கள். லலிதாம்பாள் கணவரை நோக்கி நடந்து, இரண்டடி தள்ளி நின்றாள்.

"வண்டியைப் பின்னால எடுக்கச் சொல்லுங்க."

"லலிதா, கார்ல ஏறு. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட மூணு பேர் வேணுமாம். அதுல நான் ஒருத்தி. எனக்கு நேரமாகுது."

"ஊர் சிரிக்கும்டி." அவர் குரல் முதல்முறையாக உடைந்தது. "என்னை யோசிச்சியா?"

"இன்னாம்மா பிரச்சினை?" என்றாள் கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி. தலையில் இருந்த கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். "கம்பியெல்லாம் எதுக்குயா கையில?"

லலிதாம்பாள் அவர்கள் பக்கம் திரும்பினாள். "சொல்றேன்மா. இவர் என் வீட்டுக்காரர். பன்னெண்டு நாளா..."

"போதும்!" என்றார் சிவராம். கொளஞ்சி அந்த முகத்தைக் கவனித்தான். தேர்த் திருவிழாக் கமிட்டியிலும் சங்கீத சபையிலும் முதல் நாற்காலி போட்டுக்கொடுக்கப்படும் மனிதர். இந்த ஏழு பெண்களும் நாளைக் காலை ஏழு சந்தைகளில் உட்காரப் போகிறவர்கள். அவர் முன்னால் ஆட்டோ, பின்னால் கூடைகள், இரண்டு பக்கமும் சேறு. போவதற்கு அவருக்கு இடமே இல்லை.

"எடுடா," என்றார் டிரைவரிடம். காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். கார் பின்னோக்கி ஊர ஆரம்பித்தது. கொளஞ்சி ஆட்டோவை முதல் கியரில் நகர்த்தினான். 

"சித்தி, ஏறிக்குங்க," என்று வித்யா கூப்பிட்டாள்.

லலிதாம்பாள் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று கையை அசைத்தாள். மெயின் ரோடு வரைக்கும், பின்னால் போகும் காருக்கும் முன்னால் வரும் ஆட்டோவுக்கும் நடுவில், அந்த அரைக் கிலோமீட்டரையும் அவள் நடந்தே வந்தாள்.